தட்டு நிற்கட்டும்

மோதிரமோ சங்கிலியோ தராசுத் தட்டில் விழுந்ததுமே சுல்மீராவின் இரண்டு கைகளும் மேசையை விட்டுப் போய்விடும். வலது கை இடது அக்குளுக்குள், இடது கை வலது அக்குளுக்குள். குளிரில் நிற்கும் மீன்காரி மாதிரி தன்னைத் தானே கட்டிக்கொண்டு, மூச்சைக்கூடப் பக்கவாட்டில் விட்டுக்கொண்டு உட்கார்ந்திருப்பாள். தட்டு ஏறும், இறங்கும், மறுபடி ஏறும். எதிரே இருப்பவருக்குப் பொறுக்காது. எவ்வளவு, எவ்வளவு என்று கழுத்தை நீட்டுவார். "தட்டு நிக்கட்டும்" என்பாள். வேறு பேச்சு கிடையாது. முள் நடுக்கோட்டில் அசையாமல் நின்ற பிறகுதான் கைகள் வெளியே வரும்.

எதிர்க்கடையில் செருப்புத் தைக்கிற குஸ்தோதியோவுக்கு இது தினசரி வேடிக்கை. "என்ன சுல்மீரா, கையக் காணோம், அதையும் உருக்கிட்டியா?" என்று அங்கிருந்தபடியே கேட்பான். "கை பத்திரமா இருக்கு. உன் நாக்கத்தான் எங்கயாவது பத்திரப்படுத்தணும்" என்று திரும்பாமலே பதில் வரும். இருவரும் ஒருநாள் விடாமல் இப்படிப் பேசிக்கொள்கிறார்கள். பேசாத நாளில் யாருக்கோ உடம்பு சரியில்லை என்று அர்த்தம்.

போர்ட்டோவுக்கு வடக்கே, வியானா ஊரில் வெள்ளிக்கிழமைச் சந்தைக்குப் போகிற சந்தில்தான் அவள் அறை. ஒரு மேசை, இரண்டு நாற்காலி, கம்பி போட்ட சன்னல். பழைய தங்கமும் பழைய வெள்ளியும் வாங்குகிறாள். அரசாங்க முத்திரை ஒட்டிய மின்தராசு ஒன்று மேசையில் உண்டு. ரசீதுக்கு அதுதான். ஆனால் அப்பா அபீலியோ விட்டுப்போன இரட்டைத்தட்டுப் பித்தளைத் தராசில் போடாமல் எதையும் அதில் வைக்கமாட்டாள். மின்தராசில் எண் வருகிறது, எங்கிருந்து வருகிறது என்று யாருக்குத் தெரியும்? தட்டு ஆடி நிற்பதைக் கண்ணால் கண்டால்தான் மனசு ஆறும் என்பது அவள் கட்சி. அது சரியான கட்சிதான். இல்லை என்கிறவர்கள் தங்கள் தாயின் வளையலை எடுத்துக்கொண்டு வந்து, எந்தத் தராசை நம்பத் தோன்றுகிறது என்று பார்த்துக்கொள்ளட்டும்.

பொருள் கைக்கு வந்ததும் முதலில் காந்தத்தை அதன் மேல் ஒரு முறை ஓட்டுவாள். கொக்கிக்குள் இருக்கிற இரும்புச் சுருள் துள்ளும். அதைக் கிடுக்கியால் பிடுங்கித் தனியே வைப்பாள். கல் பதித்த மோதிரமென்றால் கல்லைப் பெயர்த்துக் காகிதத்தில் சுருட்டிக் கையிலேயே கொடுத்துவிடுவாள். "கண்ணாடி. பேத்தி பொம்மைக்குப் போடு." பிறகு பூதக்கண்ணாடியை ஒரு கண்ணில் இடுக்கி முத்திரையைத் தேடுவாள். தங்கத்தில் மான் தலை, வெள்ளியில் கழுகுத் தலை, இரண்டும் கடுகளவு. மான் தலை இருந்தால் ஆயிரத்தில் எண்ணூறு பங்கு தங்கம் என்று பொருள். முத்திரையையும் முழுக்க நம்பமாட்டாள். உரைகல்லில் ஒரு கோடு இழுத்து, சோதனைநீர் என்கிற அமிலத்தில் ஒரு சொட்டு வைத்து, கோடு கரைகிறதா நிற்கிறதா என்று பார்ப்பாள். அவள் வலது கை விரல் நுனிகள் அந்த நீர் பட்டுப் பட்டு வெங்காயத் தோல் நிறத்துக்கு வந்துவிட்டன.

எடை தெரிந்ததும் அண்ணாந்து கூரையைப் பார்ப்பாள். அங்கே ஒரு ஈரத்தழும்பு இருக்கிறது, அதில்தான் கணக்கு எழுதியிருக்கிறது போல. காலையில் போர்ட்டோவிலிருந்து தொலைபேசியில் வந்த அன்றைய விலை, அதில் எண்ணூறு பங்கு, அதில் உருக்குச் சேதாரம் போக மீதி. உதடு மட்டும் அசையும். கணக்கு முடிந்ததும் விலையை வாயால் சொல்லமாட்டாள். சந்துக்குக் காது உண்டு. மேசை மேல் இருக்கிற கற்பலகையில் சுண்ணக்கட்டியால் எழுதித் திருப்பிக் காட்டுவாள். வந்தவர் பார்த்ததும் இடது கைச் சட்டை முனையால் துடைத்துவிடுவாள். எந்தச் சட்டை போட்டாலும் இடது முனை வெளுத்தேயிருக்கும்.

அவளிடம் வந்து கதை சொல்லக் கூடாது. பாட்டி கல்யாணத்துக்குப் போட்டது, பஞ்ச காலத்திலும் விற்காதது என்று யாராவது ஆரம்பித்தால் உள்ளங்கையைத் தூக்கிக் காட்டுவாள். "கதைக்கு விலை இல்லம்மா. கதைய வீட்டுக்குக் கொண்டுபோ. உலோகத்த மட்டும் வெச்சிட்டுப் போ." கல் மனசு என்று சிலர் பேசுகிறார்கள். அவர்களுக்குத் தெரியாது. கதையைக் கேட்டுவிட்டு அதே விலையைச் சொன்னால் வந்தவருக்கு எவ்வளவு வலிக்கும் என்று அவளுக்குத் தெரியும். கேட்காமல் சொன்னால் பாதி வலி மிச்சம். ஒருவன் தீப்பெட்டிக்குள் தங்கப் பல் ஒன்றைக் கொண்டுவந்து, "மாமியாரோடது. இருந்த வரைக்கும் என்னத்தான் கடிச்சது, இப்பவாவது எனக்கு உதவட்டும்" என்றான். அந்தக் கதையை மட்டும் கடைசி வரைக்கும் கேட்டாள். அன்றைக்குக் குஸ்தோதியோ வாயில் இடுக்கியிருந்த ஆணியில் இரண்டை விழுங்கியிருப்பான், அப்படிச் சிரித்தான்.

வெள்ளிக்கு வருகிறவர்கள் பெரும்பாலும் மூட்டையோடு வருவார்கள். கரண்டி, தட்டு, மெழுகுவர்த்தித் தண்டு. தண்டின் அடிப்பாகத்துக்குள் சிமெண்டு இருக்கும். அதைத் தட்டி எடுத்துவிட்டால் உள்ளங்கை அளவு தகடுதான் தேறும். கரண்டியைச் சுட்டுவிரலில் தொங்கவிட்டு நகத்தால் சுண்டி, இடது காதருகே வைத்துக் கேட்பாள். நல்ல வெள்ளி கொஞ்ச நேரம் பாடிவிட்டுத்தான் அடங்கும். தங்கம் பாடாது. அதனாலேயே தனக்கு வெள்ளி மேல்தான் பிரியம் என்று ஒருதரம் சொன்னாள். தங்க வியாபாரி பேசுகிற பேச்சா என்று சந்து முழுக்கச் சிரித்தது. அவள் காதில் கிடப்பதும் பிறந்த குழந்தைக்குக் குத்துகிற சின்ன வளையம்தான்.

அப்பா அபீலியோ சைக்கிளில் தங்கம் விற்றவர். பின்னால் கட்டிய தகரப்பெட்டிக்குள் சங்கிலி, தொங்கட்டான், இதய வடிவப் பதக்கம். மேலே எண்ணெய்த்துணி, அதற்கும் மேலே ஆள் ஏமாற ஒரு கூடை முட்டைக்கோஸ். சுல்மீரா இன்னொரு சைக்கிளில் தராசைத் தூக்கிக்கொண்டு பின்னாலேயே போவாள். ஆற்றைக் கடந்து, மலையடிவாரத்து ஊர் ஒவ்வொன்றாக. அந்த நாளில் ஆண்களெல்லாம் பிரான்சில் சிமெண்டு குழைத்துக்கொண்டிருந்தார்கள். பணம் மாதா மாதம் வரும். பெண்கள் அதை வங்கியில் போடமாட்டார்கள், கழுத்தில் போடுவார்கள். நீளச் சங்கிலியைக் கிராம் கணக்கில் யாரும் கேட்டதில்லை. நீட்டிய கையின் விரல் நுனியிலிருந்து மூக்கு வரைக்கும் ஒரு கை. "இந்த வருஷம் அரைக் கை கூட்டுங்க அபீலியோ" என்பார்கள். அப்பா சங்கிலியின் முனையைத் திறந்து புதுத் துண்டைச் சேர்ப்பார். அடுப்படியில் சூப் கொதித்துக்கொண்டிருக்கும். ஊதுகுழாயால் அவர் சுடரை ஊதுகிற சத்தமும் சூப் கொதிக்கிற சத்தமும் ஒன்றாகக் கேட்கும். இன்றைக்கும் எங்கேயாவது கீரை சூப் வாசம் வந்தால் சுல்மீரா ஒரு கணம் நின்றுவிட்டுத்தான் நடக்கிறாள்.

கூட்டிய சங்கிலி ஆகஸ்டில் வெளியே வரும். மாதா திருவிழா ஊர்வலத்தில் வீட்டுக்கு ஒரு பெண் சிவப்புப் பாவாடையும் மேல்துணியும் உடுத்து, வீட்டுத் தங்கம் முழுவதையும் மார்பில் சுமந்து நடப்பாள். முரசுச் சத்தத்தில் சன்னல் கண்ணாடி அதிரும். ஓரத்தில் நிற்கிற பெண்கள் வாயால் மாதாவை வாழ்த்திக்கொண்டே கண்ணால் சங்கிலியின் சுற்றை எண்ணுவார்கள். போன வருஷத்தைவிட எந்த வீட்டுச் சங்கிலி வளர்ந்திருக்கிறது, எது அப்படியே நிற்கிறது என்று. வளராத சங்கிலிக்கு ஒரே அர்த்தம்தான் இருந்தது. பிரான்சிலிருந்து பணம் வரவில்லை. ஏன் வரவில்லை என்பதை அவர்களே சொல்லிக்கொள்வார்கள்.

பெர்ரே என்கிற ஊரில் லியோபோல்தினா வீட்டுக்குப் பணம் நின்றுபோன வருஷம் அது. புருஷனிடமிருந்து கடிதமும் இல்லை. அவளுக்கு இரண்டு பெண்கள். மூத்தவள் இடாலினா முந்தைய ஆகஸ்டுகளில் நடந்துவிட்டாள். அந்த ஆகஸ்டு இளையவள் ஃபெலிஸ்மீனாவின் முறை. அப்பாவும் சுல்மீராவும் போனபோது லியோபோல்தினா அடுப்படிக் கதவைச் சாத்தினாள். சங்கிலி இரண்டு மடங்காக வேண்டும், ஊர் வாயை ஒரே அடியாக அடைக்க வேண்டும், ஆனால் தங்கத்துக்குக் காசு இல்லை என்றாள். வெள்ளியில் செய்து மேலே தங்க முலாம் கொடுங்கள். தெரியாதபடி.

அப்பாவுக்கு அது பிடிக்கவில்லை. வெகுநேரம் தொப்பியைக் கையில் வைத்துச் சுற்றிக்கொண்டிருந்தார். கடைசியில் ஒரு நிபந்தனையோடு ஒத்துக்கொண்டார். தங்கம் முடிந்து வெள்ளி தொடங்குகிற இடத்தில் ஒரே ஒரு கண்ணியை மட்டும் திருப்பி வைப்பேன், பார்த்தால் தெரியாது, விரலால் தடவினால் தெரியும், பின்னால் யார் கைக்குப் போனாலும் ஏமாறக் கூடாது என்றார். லியோபோல்தினா தலையாட்டினாள். செலவுக்கு அவள் கொடுத்ததை அப்பா கைக்குட்டையில் முடிந்து உள்சட்டைக்குள் வைத்துக்கொண்டார். திரும்பி வரும்போது ஆற்றுப்பாலத்தில் சைக்கிளை நிறுத்தி, "என்ன பாத்தே?" என்று மகளைக் கேட்டார். "ஒண்ணும் பாக்கலப்பா." "நல்லது. மிதி."

புருஷன் என்னமோ வேறு பெண்ணோடு போகவில்லை. சாரத்திலிருந்து விழுந்து, எழுதவும் வெட்கப்பட்டு ஆஸ்பத்திரியில் கிடந்திருக்கிறான். இரண்டு வருஷம் கழித்து காலை இழுத்துக்கொண்டு வந்து சேர்ந்தான். அது பெரிய கதை, இங்கே வேண்டாம்.

அந்த லியோபோல்தினா போன குளிர்காலத்தில்தான் இறந்துபோனாள். கண் தெரியாமல், படுக்கையிலேயே பல வருஷம் கிடந்து. இந்த ஆகஸ்டில் மூத்தவள் இடாலினா பிரான்சில் லியோன் நகரத்திலிருந்து விடுமுறைக்கு வந்தபோது, தாய் பிரித்துக் கொடுத்த பாதிச் சங்கிலியை சுல்மீராவின் மேசையில் வைத்தாள். முதல் கண்ணியிலிருந்து கடைசிக் கண்ணி வரைக்கும் மாசில்லாத தங்கம். வெட்டிய முனைகூட மஞ்சளாகவே இருந்தது. சுல்மீரா விலையை எழுதினாள், துடைத்தாள், பணத்தைக் கொடுத்தாள். சட்டம் சொல்கிற நாட்கள் காத்திருந்துவிட்டு உருக்க அனுப்பினாள். இடாலினாவுக்கு லியோனில் புதுச் சமையலறை வந்துவிட்டது. அன்றிலிருந்து சுல்மீரா கதவு திறக்கும்போதெல்லாம் ஒரு முறை நிமிர்ந்து பார்த்தாள். மற்றப் பாதி ஒருநாள் வரும் என்று அவளுக்குத் தெரியும்.

வந்தது. கல்லறைத் திருநாள் முடிந்த வெள்ளிக்கிழமை, மழையில், ஒரு கம்பளிக் காலுறைக்குள். ஃபெலிஸ்மீனா குடையை மூலையில் சாத்தி, ஒரு பை கஷ்கொட்டையை முதலில் மேசையில் வைத்தாள். குள்ளமாக, அகலமாக, நாற்காலி நிறைய உட்கார்ந்தாள். இப்போது அவளுக்கும் தலை நரைத்துவிட்டது.

"விக்க வரல சுல்மீராக்கா. செத்தாலும் விக்கமாட்டேன். என்ன தேறும்னு மட்டும் சொல்லு."

"எதுக்கு?"

"இடாலினா போன்ல உயிரத் தின்னுறா. என்னோடதுக்கு இவ்வளவு வந்துச்சு, உனக்கு ஒரு சாண் கூட, அப்ப உனக்கு எவ்வளவுன்னு கேட்டுக் கேட்டு."

அந்த ஒரு சாண் கதையை அவள் சொல்லத் தொடங்கினாள். சாவதற்குச் சில நாள் முன்பு அம்மா சங்கிலியைக் கேட்டாளாம். படுக்கையில் உட்கார்ந்து, கையை நீட்டி, விரல் நுனியிலிருந்து மூக்கு வரைக்கும் அளந்தாளாம். அப்புறம் ஒரு கண்ணியில் கட்டைவிரலை வைத்து, இங்கே வெட்டு என்றாளாம். ஃபெலிஸ்மீனா திராட்சைக் கொடி வெட்டுகிற கத்தரியால் வெட்டினாள். இரண்டு துண்டையும் சேர்த்துத் தூக்கிப் பார்த்தால் ஒன்று மற்றதைவிட ஒரு சாண் நீளம். இதைச் சரிபண்ணிடலாம்மா என்று இவள் சொல்ல, கிழவி நீளத் துண்டை இவள் கையில் திணித்து விரலை மடக்கிவிட்டாளாம்.

வழக்கமாக இந்நேரம் சுல்மீராவின் உள்ளங்கை எழுந்திருக்க வேண்டும். எழவில்லை. எதிர்க்கடையில் குஸ்தோதியோ சுத்தியலை நிறுத்திவிட்டு எட்டிப் பார்த்தான்.

"உனக்குத் தெரியாதாக்கா அம்மா எப்படின்னு. அத்தன வருஷம் தூக்கி எடுத்து, கழுவி, ஊட்டிவிட்டேன். நல்லாயிருக்குன்னு ஒரு வார்த்த சொன்னதில்ல. சூப்பக் குடுத்தா 'உப்பு'ம்பா. அவ்வளவுதான் பேச்சு. அந்த ஒரு சாண்தான் அவ எனக்குச் சொன்ன நல்ல வார்த்த. அதுக்கு என்ன விலைன்னு தெரிஞ்சிக்கணும்னு இருக்கு. தப்பா?"

சுல்மீரா காலுறையைத் தலைகீழாகப் பிடித்தாள். சங்கிலி தட்டில் வழிந்து குவிந்தது. கைகள் அக்குளுக்குள் போயின. தட்டு ஆடியது. ஃபெலிஸ்மீனாவின் கண் அதோடு மேலும் கீழும் போனது. முள் நின்ற இடத்தைப் பார்த்து அவள் நெற்றி சுருங்கியது. அக்காளுடைய எடையை அவள் போனில் எத்தனையோ முறை கேட்டிருக்கிறாள், மனப்பாடம்.

"இது கம்மியா இருக்கே. தராசு சரியா இருக்கா?"

அந்த அறையில் இதுவரை யாரும் கேட்காத கேள்வி. சுல்மீரா கோபப்படவில்லை. சங்கிலியை அள்ளி மின்தராசில் வைத்தாள். அதுவும் அதையே சொன்னது.

"நீளம் கூட, எடை கம்மின்னா மெலிஞ்ச பக்கத்த எனக்குக் குடுத்திருக்கா" என்றாள் ஃபெலிஸ்மீனா. குரல் இறங்கிவிட்டது. "கல்லுல ஒரசு. எல்லாருக்கும் செய்யிற மாதிரி செய்யி. என் மூஞ்சியப் பாத்துச் செய்யாத."

உரைகல்லுக்கு அவசியம் இருக்கவில்லை. வெட்டிய முனையே கறுத்துக் கிடந்தது. தங்கம் கறுக்காது. அழுக்கு என்று நினைத்துச் சாம்பல் போட்டுத் தேய்த்தேன், போகவில்லை என்றாள் ஃபெலிஸ்மீனா. சுல்மீரா அந்த முனையில் மட்டும் சோதனைநீர் ஒரு சொட்டு வைத்தாள். சொட்டு ரத்தச் சிவப்பாக மாறியது.

"பித்தளையா?"

"வெள்ளி. நல்ல வெள்ளி."

"மேல?"

"மேல தங்க முலாம்."

ஃபெலிஸ்மீனா குனிந்து அந்தச் சிவப்பைப் பார்த்தாள். அப்புறம், "அவளுக்குத் தங்கம். எனக்கு இது" என்று சொல்லிக் காலுறையை எடுத்தாள். அவள் முகத்தில் கோபம் இல்லை. ரொம்ப நாளாக எதிர்பார்த்த ஒன்று வந்துவிட்ட மாதிரி இருந்தது. பார்க்க அதுதான் சகிக்கவில்லை. குடையை நோக்கிக் கை நீட்டினாள்.

"உக்காரு" என்றாள் சுல்மீரா. "ஒரு கதை இருக்கு."

"கதைக்கு விலை இல்லன்னு ஊருக்கே சொல்லுவியே."

"இல்லதான். ஓசியிலதான் சொல்றேன். உக்காருடீ."

சொன்னாள். நின்றுபோன பணத்தை, சாத்திய அடுப்படிக் கதவை, அப்பா சுற்றிய தொப்பியை. பாலத்தில் மிதி என்று அப்பா சொன்ன நாளிலிருந்து வாயைத் திறக்காத விஷயம். சொல்லும்போது அவளுக்கே அந்த சூப் வாசம் வந்தது. ஃபெலிஸ்மீனா அசையாமல் கேட்டாள். ஊர் வாயை அடைக்க ஒரு பொய்ச் சங்கிலி, அம்மா அந்தப் பொய்யை என் கழுத்தில் போட்டு, கடைசியில் என் கையிலேயே கொடுத்திருக்கிறாள் என்று மட்டும் அவளுக்குப் பட்டிருக்க வேண்டும். உதடு கோணியது.

"அந்த ஆகஸ்டுல உங்கம்மா காதுல என்ன போட்டிருந்தா, ஞாபகம் இருக்கா?" என்று கேட்டாள் சுல்மீரா.

ஃபெலிஸ்மீனா யோசித்தாள். "ஒண்ணுமில்ல. தலைத்துணியக் காது மறையக் கட்டியிருந்தா. காது புண்ணுன்னா. அந்தப் பெரிய தொங்கட்டான் கனம் தாங்கல, அறுந்துருச்சு, எடுத்து வெச்சிட்டேன்னா. சாகுற வரைக்கும் புண்ணுன்னுதான் சொன்னா."

"புண்ணு ஒண்ணும் இல்ல. எங்கப்பாதான் கழட்டினாரு. நான் விளக்கப் பிடிச்சேன். அதத்தான் கைக்குட்டையில முடிஞ்சிக்கிட்டாரு. அந்தத் தொங்கட்டான உருக்கித்தான் இதுக்கு முலாம் போட்டுச்சு. உங்கம்மா காது இந்தச் சங்கிலி பூரா ஒட்டிக்கிடக்கு."

எங்கள் பக்கத்தில் காதில் ஒன்றும் இல்லாமல் ஒரு பெண் வாசலுக்குக்கூட வரமாட்டாள். லியோபோல்தினா அப்படித்தான் மீதி வாழ்நாள் முழுக்க இருந்தாள், ஒரு துணிக்குள் காதை மறைத்துக்கொண்டு. இதை ஃபெலிஸ்மீனாவுக்கு யாரும் விளக்க வேண்டியிருக்கவில்லை. அவள் சங்கிலியைக் கையில் எடுத்தாள். சுல்மீரா அவள் கட்டைவிரலைப் பிடித்து, வெட்டுப்பட்ட கண்ணியின் மேல் வைத்தாள். தடவிப் பார் என்றாள். அந்தக் கண்ணியின் வளைவு மற்றவற்றுக்கு எதிர்ப்பக்கமாக இருந்தது.

"இதத்தான்..." என்றாள் ஃபெலிஸ்மீனா. "இங்க வெட்டுன்னு சொல்றதுக்கு முன்னாடி எத்தன நேரம் தடவினா தெரியுமா? கண்ணு தெரியலியே, பாவம்னு நெனச்சேன். அளவும் தப்பாப் போச்சேன்னு நெனச்சேன். தெரிஞ்சுதான் வெட்டச் சொல்லியிருக்கா." கட்டைவிரல் மறுபடி அந்தக் கண்ணியைத் தடவியது. "இடாலினா விப்பான்னு அவளுக்குத் தெரியும். நான் விக்கமாட்டேன்னும் தெரியும். கிழவி. கள்ளக் கிழவி."

அப்புறம்தான் சிரித்தாள். முதலில் வயிறு குலுங்கியது, பிறகு சத்தம் வந்தது. அந்த ஆகஸ்டில் பாதிரியாரின் தங்கை தன் சங்கிலியை விட்டுவிட்டு இவள் சங்கிலியையே பார்த்துக்கொண்டு நடந்து முரசுக்காரன் மேல் மோதியது, தான் சங்கிலிக் கனத்தில் தோள் வலிக்கிறது என்று சொல்லக்கூட வெட்கப்பட்டு ராணி மாதிரி நிமிர்ந்து நடந்தது, எல்லாவற்றையும் சொல்லிச் சொல்லிச் சிரித்தாள். "வெள்ளிக்கே அந்த நெஞ்ச நிமித்தினேன்கா! தங்கமா இருந்திருந்தா பின்னால சாஞ்சு ஆத்துலயே விழுந்திருப்பேன்." சுல்மீராவும் சிரித்தாள். எதிர்க்கடையில் விஷயம் என்னவென்று தெரியாமலே குஸ்தோதியோவும் சிரித்தான். கண்ணைத் துடைத்துக்கொள்ள ஃபெலிஸ்மீனாவுக்கு அந்தக் காலுறைதான் கிடைத்தது.

"சரி, விலையச் சொல்லு."

"விக்கலேல்ல, எதுக்கு?"

"கேக்கத்தான வந்தேன். எல்லாருக்கும் சொல்ற மாதிரி சொல்லு."

சுல்மீரா அண்ணாந்து ஈரத்தழும்பைப் பார்த்தாள். உதடு அசைந்தது. வெள்ளியின் எடை, வெள்ளியின் பங்கு, வெள்ளியின் அன்றைய விலை, சேதாரம். ஒரு காசு கூட்டவும் இல்லை, குறைக்கவும் இல்லை. கற்பலகையில் எழுதித் திருப்பினாள். நல்ல மழைக்கோட்டு ஒன்று வாங்கப் போதும்.

"முலாமுக்கு?"

"அதுக்கு நான் விலை போடறதில்ல. யாரும் போடறதில்ல. உருக்கினா எங்க போச்சுன்னே தெரியாது."

ஃபெலிஸ்மீனா தலையாட்டினாள். சுல்மீரா துடைப்பதற்குள் அவளே குனிந்து தன் சட்டை முனையால் பலகையைத் துடைத்தாள். சங்கிலியைக் காலுறைக்குள் போடவில்லை. இரண்டு சுற்றாக மடித்துக் கம்பளிச் சட்டைக்கு மேலே, எல்லாரும் பார்க்கிற மாதிரி மாட்டிக்கொண்டாள். சந்தை நாள், தெரு நிறைய சனம்.

அவள் எழுந்து குடையை எடுக்கும்போது பைக்குள் போன் அலறியது. இடாலினா. லியோனிலிருந்து பேசினாலும் அவள் குரலுக்குப் போன் தேவையில்லை, அறை முழுக்கக் கேட்டது. "போனியா? போட்டுப் பாத்தியா? என்னோடதவிட எவ்வளவு கூட?"

ஃபெலிஸ்மீனா சுல்மீராவைப் பார்த்தாள். மேசையின் மேல் தராசின் இரண்டு தட்டும் காலியாகக் கிடந்தன.

"இரு இடாலினா" என்றாள். "தட்டு இன்னும் நிக்கல."

சுல்மீரா மெல்ல மேசையிலிருந்து இரண்டு கைகளையும் எடுத்து அக்குளுக்குள் வைத்துக்கொண்டாள்.